குளிக்கத் தடை போட்ட நாளில்

குற்றாலம் பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்ட ஆரம்பித்ததும் போலீஸ்காரர் விசில் ஊதிவிடுவார். குளிக்கத் தடை. சீசன் நாட்களில் எங்களுக்குப் பழகிப்போன சத்தம் அது. மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வேன் பிடித்து, விடியுமுன் கிளம்பி, உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு துண்டோடு நிற்கிறவர்களுக்குத்தான் தாங்காது. தண்ணீர் எப்போது குறையும் என்று சிப்ஸ் கடைக்காரரிடம் கேட்பார்கள். மலைக்குள் எவ்வளவு மழை என்று அவருக்கு எப்படித் தெரியும்? மங்குஸ்தான் விலையை விசாரித்துவிட்டு நகர்வார்கள். ஐந்தருவிக்குப் போனால் அங்கேயும் தடை. பழைய குற்றாலம் போனால் அங்கேயும் தடை. செங்கோட்டைப் பக்கம் போய் பார்டர் பரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டு, எண்ணெய் காய்ந்த தலையோடு ஊர் திரும்புவார்கள்.

தடை போடுவதில் எனக்குக் குறை கிடையாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று இறங்கிய வெள்ளம் ஒரு பள்ளிப் பையனை வாரிக்கொண்டு போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. நான் கேட்பது வேறு. அத்தனை குடும்பங்கள், பாதிக்குப் பாதி குழந்தைகள், கையில் முழுசாக ஒரு பகலை வைத்துக்கொண்டு ரோட்டில் நிற்கிறார்களே, அவர்களைக் கூப்பிட்டுக் காட்ட எங்களிடம் ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. பேரருவியிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. குற்றாலநாதர் கோயிலுக்குச் சொந்தமான சித்திர சபை தெப்பக்குளத்தின் ஓரத்தில் இருக்கிறது. நடராசருக்குரிய ஐந்து சபைகளில் மற்ற நான்கிலும் அவர் திருமேனியாக நிற்கிறார். இங்கே மட்டும் ஓவியமாக ஆடுகிறார். அவரைச் சுற்றி நாலு சுவரிலும் மூலிகை வண்ணத்தில் புராணங்கள். அருவிக்கு வந்த கூட்டத்தில் நூறு பேரை நிறுத்திக் கேட்டால் சித்திர சபைக்குள் கால் வைத்தவர் பத்துப் பேர் தேறுவார்களா என்பது சந்தேகம். அகழ்வைப்பகம் என்றால் எந்தப் பக்கம் என்று நம்மையே கேட்பார்கள்.

நான் இலஞ்சிக்காரி. அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். மகளும் மாப்பிள்ளையும் செக் நாட்டில் பிர்னோ என்கிற ஊரில் வேலை பார்க்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு. பையனுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு எட்டு. அவர்களிடம் கார் கிடையாது. சனிக்கிழமை வந்தால் ஏதாவது ஓர் ஊருக்கு ரயிலேறி, அங்குள்ள அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் பொழுதுபோக்கு. தலைநகர் பிராகாவுக்கு இரண்டரை மணி நேரம். சில வண்டிகளில் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கென்றே தனி அறை உண்டாம். பிராகாவின் தேசியத் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் ஒரே கூடத்தில் நீராவி எஞ்சின்கள் நிற்கின்றன, தலைக்கு மேல் பழைய விமானங்கள் தொங்குகின்றன. பிர்னோவிலேயே, பட்டாணிச் செடியை வைத்துப் பாரம்பரியத்தின் கணக்கைக் கண்டுபிடித்த மெண்டல் வாழ்ந்த மடம் இருக்கிறது. அங்கே அவருக்கு ஓர் அருங்காட்சியகம். நம் பிள்ளைகள் அறிவியல் பாடத்தில் மனப்பாடம் செய்கிற பெயர், அவர்களுக்குப் பக்கத்துத் தெருக்காரர் பெயர்.

அவர்கள் ஊருக்கு வந்திருந்தபோது பையன் அதிகம் பேசியது குட்னா ஹோராவைப் பற்றி. இடைக்காலத்தில் வெள்ளிச் சுரங்கத்தால் செழித்த ஊர். பொஹேமிய அரசர்களின் வெள்ளிக்காசு அங்கேதான் அடிக்கப்பட்டது. இன்றைக்கு அங்குள்ள வெள்ளி அருங்காட்சியகத்தில் வருகிறவர்களுக்கு வெள்ளை மேலங்கி மாட்டி, தலைக்கவசமும் விளக்கும் கொடுத்து, பழைய சுரங்கத்துக்குள் கூட்டிப் போகிறார்கள். குனிந்தும் ஒருக்களித்தும்தான் நடக்க முடியும். "ஆச்சி, என் தல இடிக்கவே இல்ல. அப்பாவுக்குத்தான் இடிச்சுது" என்று அவன் சொன்னபோது மாப்பிள்ளை தலையைத் தடவிக்கொண்டார். எனக்குச் சுரங்கத்தைவிட வேறொன்று பிடித்திருந்தது. அந்த ஊரின் பெரிய ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருக்கிறது. பெரிய வண்டியிலிருந்து இறங்கினால், அங்கேயே ஒரு குட்டி வண்டி ஊருக்குள் கொண்டுபோய் விடுவதற்குக் காத்து நிற்குமாம்.

"நம்ம ஊர்ல இப்படி எதும் இல்லையேம்மா. ரெண்டு நாள் குளிச்சா முடிஞ்சு போச்சு" என்றாள் மகள். தென்காசியில் பிறந்து வளர்ந்தவள் வாயிலிருந்து, அதுவும் வரலாற்று டீச்சர் மகள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை. மறுநாளே எலுமிச்சம்பழச் சாதமும் தேங்காய்த் துவையலும் கட்டிக்கொண்டு எல்லாரையும் தென்காசி ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனேன். மொத்தப் பேருக்கும் ஆன டிக்கெட் காசு ஒரு வேனுக்கு டீசல் போடப் போதாது.

முதலில் மலைப்பாதை. செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை 49 கிலோமீட்டர், 1904 நவம்பரில் திறந்த வழி. கொல்லம் துறைமுகத்தையும் திருநெல்வேலிச் சீமையையும் மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து இணைத்தார்கள். 2010-இல் மீட்டர்கேஜ் வண்டியை நிறுத்தி, 2018-இல் அகலப் பாதையாகத் திறந்தார்கள். நடுவில் எட்டு வருஷம் இந்த மலைக்குள் ரயில் சத்தம் இல்லை. அந்த எட்டு வருஷத்தில் பிறந்து வளர்ந்த செங்கோட்டைப் பிள்ளைக்கு ரயில் என்றால் கிழக்கே போவது மட்டும்தான்.

பகவதிபுரம் தாண்டியதும் குகை. உள்ளே நுழையும்போது தமிழ்நாடு, வெளியே வந்தால் கேரளம். பிள்ளைகள் கத்திய கத்தில் பெட்டியே சிரித்தது. நியூ ஆரியங்காவு, இடப்பாளையம், அப்புறம் கழுதுருட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பதின்மூன்று கண் பாலம். இதில் ஒரு வேடிக்கை. பாலத்தின் மேல் போகும்போது பாலம் தெரியாது. கீழே தேசிய நெடுஞ்சாலையில் காரில் போகிறவன் நின்று படம் எடுத்துக்கொள்கிறான். காசு கொடுத்து ரயிலில் வந்தவன், எதன்மேல் போகிறோம் என்பதே தெரியாமல் கடந்து போகிறான். ஜன்னலோரம் நான் இருந்ததால் என் பேரப் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. எதிர் சீட்டில் சிவகாசியிலிருந்து வந்த குடும்பம், நான் சொன்ன பிறகு திரும்பிப் பார்ப்பதற்குள் பாலம் போய்விட்டது. முன்னால் வருகிற ஸ்டேஷனில் "அடுத்து வருவது 1904-ஆம் ஆண்டின் கற்பாலம்" என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பலகை நட்டால் என்ன குறைந்துபோகும்?

புனலூரில் இறங்கி நடந்தால் கல்லடையாற்றின் குறுக்கே தொங்கு பாலம். ஆல்பர்ட் ஹென்றி என்கிற பொறியாளர் கட்டியது, 1877-இல் முடிந்தது. இப்போது வண்டி வாகனம் கிடையாது, நடக்க மட்டும். பாலத்தின் பலத்தை நம்பாதவர்களுக்காக, மேலே யானைகளை நடக்கவிட்டு அடியில் படகில் குடும்பத்தோடு நின்று காட்டினார் பொறியாளர் என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, சின்னவள் பாலத்தின் நடுவில் நின்று குதித்துப் பார்த்தாள். அசையவில்லை.

இந்த வழியில் எனக்கு ஒரு மனக்குறை. வாஞ்சிநாதன் செங்கோட்டையில் பிறந்தார். திருவிதாங்கூர் வனத்துறையில் அவர் வேலை பார்த்தது புனலூரில். கலெக்டர் ஆஷை 1911 ஜூன் 17 அன்று சுட்டது மணியாச்சி ஸ்டேஷனில், ரயில் பெட்டிக்குள். தானும் அங்கேயே மாய்ந்தார். அவர் கதையில் வருகிற ஊரெல்லாம் இந்தத் தண்டவாளத்தில் இருக்கிறது. செங்கோட்டையில் மணிமண்டபம் கட்டியிருக்கிறோம், நல்லது. செங்கோட்டை ஸ்டேஷனிலேயே ஓர் அறை ஒதுக்கி, மீட்டர்கேஜ் காலத்து டோக்கன் கருவி, கார்டு கையில் பிடித்த விளக்கு, அட்டை டிக்கெட், குகை தோண்டிய காலத்துப் படம், வாஞ்சியின் ரயில் கதை எல்லாவற்றையும் வைத்தால் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கிறவன் பார்ப்பான். திருச்சியில் ரயில்வே ஓர் அருங்காட்சியகத்தை நடத்தத்தானே செய்கிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் என்பதைக்கூட அந்த அறையில்தான் பல பிள்ளைகள் முதல்முறை தெரிந்துகொள்வார்கள்.

அடுத்தது கிழக்கே. தென்காசியிலிருந்து திருநெல்வேலி 72 கிலோமீட்டர். பாவூர்சத்திரம், கீழக்கடையம், இராவணசமுத்திரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு கதை வைத்திருந்தேன், மாப்பிள்ளை பாதியில் தூங்கிப்போனார். பாரதியார் கடலூர்ச் சிறையிலிருந்து வெளிவந்து 1918 கடைசியிலிருந்து 1920 வரை செல்லம்மாவின் ஊரான கடையத்தில்தான் இருந்தார். பையனுக்குப் பாரதியைவிடக் கல்லிடைக்குறிச்சிக் கதைதான் பிடித்தது. துப்பறியும் கதை என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982-இல் நடராசர் சிலை திருடு போனது. போனது போனதுதான் என்று ஊர் விட்டுவிட்டது. அந்த நடராசர் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடத்தில் விளக்கு வெளிச்சத்தில் நின்றிருந்தார். 2019 செப்டம்பரில் திரும்பி வந்தார். அந்தக் கலைக்கூடத்துக்கு எத்தனை ஆஸ்திரேலியக் குடும்பங்கள் வந்து இவரைப் பார்த்திருக்கும், எத்தனை குழந்தைகள் தூக்கிய திருவடியைக் காட்டிக் கேள்வி கேட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் பார்த்ததில் எனக்குப் பொறாமை இல்லை. நம் பிள்ளைகள் முப்பது வருஷத்துக்கு மேல் பார்க்கவில்லையே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

திருநெல்வேலியில் திருச்செந்தூர் வண்டிக்கு மாறினோம். அந்த வண்டியில் ஏறுகிறவர்கள் முக்கால்வாசி முருகனைப் பார்க்கப் போகிறவர்கள். நாங்கள் செய்துங்கநல்லூரில் இறங்கியதும், தப்பான ஸ்டேஷனில் இறங்கிவிட்டோம் என்று ஒரு பெரியவர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி எச்சரித்தார். அங்கிருந்து ஆட்டோவில் ஆதிச்சநல்லூர்.

114 ஏக்கர் பரம்பு. இந்திய வரலாற்றுக்கு முந்தைய காலத்தைப் படிக்கிற எவரும் தாண்டிப்போக முடியாத பெயர். 2023 ஆகஸ்டிலிருந்து அங்கே குழி தோண்டிய இடத்திலேயே கண்ணாடித் தளம் போட்டுக் காட்டுகிறார்கள். கண்ணாடிமேல் நின்று பார்த்தால் காலுக்குக் கீழே ஈமத்தாழிகள், எப்படிக் கிடந்தனவோ அப்படியே. சின்னவள் குப்புறப் படுத்துவிட்டாள். "ஆச்சி, இதுக்குள்ள ஆளு இருக்காங்களா?" "இருந்தாங்க." "சோறு வச்சிருந்தாங்களா?" எங்கிருந்து அந்தக் கேள்வி வந்தது என்று தெரியவில்லை, ஆனால் சரியான கேள்வி. பக்கத்தில் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல் 3,200 வருஷத்துக்கு முந்தையது என்று கரிமப் பகுப்பாய்வில் தெரிந்தது, 2021-இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அந்தக் கணக்கைச் சொன்னேன். பையன் குட்னா ஹோரா வெள்ளிச் சுரங்கத்தோடு ஒப்பிட்டுக் கழித்துப் பார்த்தான். "இது ரொம்ப பழசு ஆச்சி" என்றான். அவனுக்குச் சந்தோஷமா, ஏமாற்றமா, முகத்தில் தெரியவில்லை.

அப்புறம் அவன் கேட்டதுதான் என்னை இதை எழுத வைத்தது. இங்கே கிடைத்த மற்ற சாமான் எல்லாம் எங்கே?

1876-இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்கிற ஜெர்மானியர் இங்கே தோண்டி எடுத்ததைத் தன் ஊருக்குக் கொண்டுபோனார். பிறகு அலெக்சாண்டர் ரீ வந்து வருஷக்கணக்கில் தோண்டினார். இரும்பு ஆயுதங்கள், விலங்குருவம் வைத்த வெண்கல மூடிகள், நெற்றியில் கட்டுகிற தங்கப் பட்டங்கள் என்று அவர் எடுத்தவை சென்னை அரசு அருங்காட்சியகத்துக்குப் போயின. 1851-இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகம் எழும்பூரில் இருக்கிறது. ஆக, தாமிரபரணிக் கரையில் கிடைத்ததைப் பார்க்கத் தாமிரபரணிக் கரைக்காரன் ராத்திரி முழுக்க ரயிலில் தூங்கி எழும்பூர் போக வேண்டும். என் பேரனுக்கு அந்தக் கஷ்டம்கூட இல்லை. பிர்னோவில் ரயிலேறினால் பிராகா வழியாகப் பெர்லினில் போய் இறங்கிவிடலாம்.

நூற்றைம்பது வருஷத்துப் பழைய கணக்கை இன்றைக்குப் புரட்டி அழுவதற்காகச் சொல்லவில்லை. அதே கணக்கு இப்போது நம் கண்முன்னே புதிதாக எழுதப்படுகிறது. 2024 ஜூனில் மாநிலத் தொல்லியல் துறை எட்டு இடங்களில் அகழாய்வு தொடங்கியது. அதில் ஒன்று எங்கள் தென்காசி மாவட்டத்துத் திருமலாபுரம். கற்பலகைகளை நட்டுக் கட்டிய அறை, அதற்குள் ஈமத்தாழிகள் என்று அங்கே வெளிப்பட்டவை தமிழ்நாட்டு இரும்புக் காலத்துக்கே புதுச் செய்தி. செய்தித்தாளில் படம் வந்தது. அதோடு சரி. அந்தத் தாழிகளைத் தென்காசிப் பிள்ளை எங்கே போய்ப் பார்க்கும்?

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. திருமலாபுரத்துத் தாழியைக் குற்றாலத்தில் வையுங்கள்.

திருநெல்வேலி ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் எழும்பியிருக்கிறது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கைக்கு அது வேண்டும்தான், பெருமைதான். ஆனால் எல்லாவற்றையும் அங்கேயே கொண்டுபோய்க் குவிக்க வேண்டுமா? பெரிய கட்டடத்துக்கு ஆள் வர விளம்பரம் செய்ய வேண்டும், பேருந்து விட வேண்டும். குற்றாலத்துக்கு அந்த வேலையே இல்லை. சாரல் விழுந்தால் கூட்டம் தானாக வருகிறது. தமிழ்நாட்டில் இத்தனை குடும்பங்கள் குழந்தை குட்டியோடு ஒரே இடத்தில் வந்து நிற்கிற ஊர், அதிலும் பல நாள் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நிற்கிற ஊர், வேறு எது? ஏற்கெனவே அகழ்வைப்பகமும் இருக்கிறது. புதுக் கட்டடம் கேட்கவில்லை, இருக்கிற கட்டடத்துக்கு நல்ல பொருள் கேட்கிறேன்.

"அருவிக்கு வந்தவன் ஓட்டுச் சில்லையா பார்க்கப் போறான்?" என்று எங்கள் தெருவில் ஒருவர் கேட்டார். கீழடியைப் பற்றியும் இப்படித்தான் சொன்னார்கள். மதுரைக்கு வந்தவன் மீனாட்சியைப் பார்ப்பான், தென்னந்தோப்புக்குள் போய்க் குழியைப் பார்ப்பானா என்றார்கள். 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பார்த்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உறைகிணற்றை எட்டிப் பார்க்கிற பெண்கள் யாரும் தொல்லியல் படித்தவர்கள் இல்லை.

பாதுகாப்பு என்று சொல்வார்கள். தங்கப் பட்டத்தைக் குற்றாலத்தில் வை என்று யாரும் கேட்கவில்லை, அது எழும்பூரில் பத்திரமாக இருக்கட்டும். மண் தாழியை யார் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்? ஆராய்ச்சியாளர்களுக்கு எல்லாம் ஓரிடத்தில் இருப்பதுதான் வசதி என்றும் சொல்வார்கள். இந்த வாதத்தில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆய்வுக்கு வேண்டியதை ஆய்வு முடிகிறவரை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அறிக்கை வெளிவந்த பிறகும் பெட்டிக்குள் கிடக்கிற பொருள் யாருடைய வசதிக்காகக் கிடக்கிறது?

பொருளை வைத்தால் மட்டும் போதாது, கதவு திறந்திருக்க வேண்டும். அருங்காட்சியகத் துறையின் மாவட்டக் கூடங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாவது சனிக்கிழமையும் விடுமுறை. பணியாளர்களுக்கு விடுப்பு வேண்டும்தான், மறுக்க முடியாது. ஆனால் குடும்பம் ரயிலேறுகிற சனிக்கிழமையில் எதற்கு? எங்கள் பயணத்தில் ஓர் ஊரில் கூடம் பூட்டிக் கிடந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். ஏன் பூட்டியிருக்கிறது, எப்போது திறக்கும் என்று கதவில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எதிர்க்கடையில் விசாரித்தால், "அது எப்பவாச்சும் தொறப்பாங்க" என்றார் கடைக்காரர். பேரன் என்னைப் பார்த்த பார்வைக்கு என்னிடம் பதில் இல்லை.

சீசன் மூன்று மாதமும் குற்றாலத்தில் வார விடுமுறை இல்லாமல் முறை வைத்துத் திறக்கலாம். மாலையிலேயே பூட்டாமல் விளக்கு வைக்கிற நேரம் தாண்டியும் திறந்திருக்கலாம். அருவியில் தடை போட்டதும் ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள் இல்லையா, அதே மூச்சில் "அகழ்வைப்பகம் திறந்திருக்கிறது, சித்திர சபை திறந்திருக்கிறது, இந்த வழியாகப் போங்கள்" என்று ஒரு வரி சேர்க்கலாம். கதை சொல்ல ஆள் வேண்டுமே என்றால், குற்றாலத்திலேயே பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. சீசனில் அந்த மாணவிகளுக்கு ஒரு சிறு தொகை கொடுத்து நிறுத்தினால், எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற வழிகாட்டியைவிட நன்றாகவே சொல்வார்கள். என்னைப் போல ஓய்வு பெற்ற டீச்சர்கள் தென்காசியில் தெருவுக்கு ஒருத்தி இருக்கிறோம். எங்களுக்குத் தொகைகூட வேண்டாம், உட்கார ஒரு நாற்காலி போதும். பேசுவதற்கு ஆள் கிடைக்காமல்தான் தவிக்கிறோம்.

பிள்ளைகள் கையில் ஏதாவது கொடுங்கள். குட்னா ஹோராவை அந்தப் பையன் மறக்காததற்குக் காரணம் தலைக்கவசமும் விளக்கும். இங்கே குறியீடு கீறிய பானை ஓட்டின் மாதிரி ஒன்றைச் செய்து தொட்டுப் பார்க்க விட்டால் போதும், கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் "தொடாதே" என்று அதட்டிக்கொண்டே நடத்திப் போவதைவிட ஆயிரம் மடங்கு மேல். சித்திர சபையில் மட்டும் தொடக் கூடாது. அங்கே சுவரில் பெயர் கிறுக்குகிற பெரியவர்களைத்தான் அதட்ட வேண்டும்.

ரயிலுக்கு வருகிறேன். தென்காசி சந்திப்பிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். ஆனால் செங்கோட்டை வண்டியிலிருந்து இறங்குகிற குடும்பத்துக்கு எங்கே போக வேண்டும், எதில் போக வேண்டும் என்று சொல்ல ஆட்டோக்காரரைத் தவிர ஆள் இல்லை. அவர் சொல்கிற வாடகையில் ரயிலில் மிச்சம் பிடித்த காசு போய்விடும். வண்டி வருகிற நேரத்துக்கு ஒரு மினி பஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கட்டும். காசி விசுவநாதர் கோயில், சித்திர சபை, அகழ்வைப்பகம், அருவி என்று ஒரு சுற்று. கோபுர வாசலில் ஆளைத் தள்ளுகிற காற்றை அனுபவிக்கப் பிள்ளைகள் எப்படியும் ஓடும். அப்படியே உள்ளே கூட்டிப்போய், பிற்காலத்தில் இந்தக் கோயிலில் பழுது வந்தால் சரிசெய்கிறவர்களின் காலில் விழுகிறேன் என்று கல்லில் வெட்டி வைத்த பராக்கிரம பாண்டியனைப் பற்றி யாராவது இரண்டு வார்த்தை சொல்லட்டும். ராஜா ஒருவர் முன்கூட்டியே நம் காலில் விழுந்திருக்கிறார் என்றால் எந்தப் பிள்ளைக்கும் அது மறக்காது. இடி விழுந்து பிளந்து, பல பத்தாண்டுகள் மொட்டையாக நின்ற அந்தக் கோபுரத்தை 1990-இல் மறுபடி எழுப்பிக் குடமுழுக்குச் செய்தவர்கள் அந்தக் கும்பிட்டுக்கு உரியவர்கள்தான்.

இதற்கெல்லாம் ரயில்வேயும் தொல்லியல் துறையும் அறநிலையத் துறையும் போக்குவரத்துக் கழகமும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். சீசனுக்கு முன்னால் கலெக்டர் ஆபீசில் ஏற்பாட்டுக் கூட்டம் வருஷா வருஷம் நடக்கிறது. பார்க்கிங், குப்பை, உடை மாற்றும் அறை, போலீஸ் பந்தோபஸ்து எல்லாம் பேசுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு அகழ்வைப்பகத்துக் காப்பாட்சியரையும் தென்காசி ஸ்டேஷன் மாஸ்டரையும் கூப்பிட்டு, ரயில் நேரத்தையும் கூடம் திறக்கிற நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். திருமலாபுரத்துத் தாழி எந்த மாதம் குற்றாலத்துக்கு வரும் என்பதையும் அதே கூட்டத்தின் குறிப்பில் எழுதிவிடலாம்.